குளத்து மீன் யாருடைய விளைச்சல்?

மேட்டூர் அணை திறக்கும் நாள் நெருங்கும்போது தஞ்சைத் தரணி முழுவதும் ஒரே பேச்சாக இருக்கும். அணையில் எத்தனை அடி நீர் நிற்கிறது, ஜூன் 12-இல் மதகு திறக்குமா, குறுவைக்கு நாற்று விடலாமா, சம்பாவும் தாளடியும் கதிர் முற்றும் வரை நீர் தாங்குமா என்பனவே அப்பேச்சு. உழவர் கணக்கிடுவதும், சங்கம் கடன் வழங்குவதும், அரசாங்கம் புள்ளி விவரம் எடுப்பதும் நெல்லை நடுவாக வைத்தே நடைபெறுகின்றன. இது இயல்பே. ஆயினும் அதே நீர் வாய்க்கால் வழியே சென்று ஊர்க் குளங்களையும் நிரப்புகிறது. அக்குளங்களில் மற்றொரு விளைச்சலும் உண்டாகிறது. அதற்கு நம் சங்கங்கள் பலவற்றின் பேரேட்டில் ஒரு பக்கமேனும் இல்லை. அவ்விளைச்சல் மீன்.

குளத்து மீன் எவரும் விதைக்காமல் தானே வருவது என்றும், ஏலம் எடுத்தவர் பிடித்துக்கொண்டு போவது என்றும் நாம் எண்ணிப் பழகிவிட்டோம். இவ்வெண்ணம் மாற வேண்டும் என்று கூறுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். ஊர்க் குளத்து மீன் ஊராரின் விளைச்சல். நெல்லுக்கும் நூலுக்கும் கூட்டுறவு இன்றியமையாதது என்று கண்ட நாம், மீனுக்கு மட்டும் ஏலமே போதும் என்று விட்டுவிடுவது முறையன்று. குளத்தின் மீன்பிடி உரிமை தனிக் குத்தகைதாரரிடம் செல்லாமல், உழவரும் நெசவாளரும் உள்நாட்டு மீனவரும் ஒருங்கே அங்கத்தினராயுள்ள சங்கத்தின் கையில் இருத்தல் வேண்டும். அதற்குச் சில கண்டிப்பான நிபந்தனைகளும் உண்டு. அவற்றையும் கீழே கூறுவோம்.

நம் நீரின் பழஞ்செல்வம்

காவிரிப் படுகையில் மீன் என்பது ஆற்றுக்கும் கடலுக்கும் மட்டும் உரியதன்று. வயலும் வாய்க்காலும் குட்டையும் குளமும் மீனின் வீடுகளே. கெண்டை, கெளுத்தி, அயிரை, ஆரால், உளுவை, குறவை, விரால், தேளி, பனையேறிக் கெண்டை என்று நம் முன்னோர் பெயர் சொல்லிப் பிரித்தறிந்த மீன்கள் பல. வயல் நண்டும் நத்தையும் சிற்றிறாலும் இவற்றோடு சேரும். இவற்றுள் விரால், குறவை, தேளி, பனையேறி ஆகியவை நீரில் கரைந்துள்ள காற்றை மட்டும் நம்பியிராமல், மேலே வந்து வெளிக்காற்றையும் உட்கொள்ளும் ஆற்றல் உடையவை. நீர் வற்றிச் சேறு மிஞ்சும் நாட்களிலும் ஓரளவு உயிர் தாங்கியிருந்து, புதுப்புனல் வந்ததும் வயலுக்கு ஏறிவிடுவன. ஆண்டின் ஒரு பகுதி நீரும் ஒரு பகுதி வறட்சியுமாக உள்ள நன்செய் நாட்டிற்கு இவற்றினும் பொருத்தமான மீன்கள் வேறு இல்லை எனலாம்.

இம்மீன்களின் பெருமையை நம்மைவிட அயல்நாட்டார் முன்னதாக ஏட்டில் எழுதி வைத்தனர். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில், டேனிஷ்காரர் வசமிருந்த தரங்கம்பாடியில் பணியாற்றிய கிறிஸ்தோப் சாமுவேல் ஜான் என்னும் பாதிரியார், அப்பகுதி மீன்களைச் சேகரித்துப் பெர்லின் நகர மருத்துவரும் மீனியல் அறிஞருமான மார்க்கஸ் எலியேசர் பிளாக் என்பவருக்கு அனுப்பி வந்தார். நம் குட்டைகளில் கையில் முள் குத்தி வலி தரும் தேளி மீனுக்கு பிளாக் 1794-இல் அறிவியற் பெயர் சூட்டியது தரங்கம்பாடி மீனைக் கொண்டே. கடலில் வாழும் கத்தாழை மீன்களில் ஒரு பேரினத்துக்கு அவர் இட்ட 'ஜானியஸ்' என்ற பெயர் அப்பாதிரியாரின் நினைவாக அமைந்தது. அதே தரங்கம்பாடியில் 1791-இல் டேனிஷ் படையின் லெப்டினன்ட் தால்டார்ஃப் என்பவர், குளக்கரைப் பனைமரம் ஒன்றில் ஏறியிருந்த கெண்டையைப் பிடித்ததாக எழுதினார். அவர் எழுத்து 1797-இல் லண்டன் லின்னேயன் சங்க வெளியீட்டில் வந்தது. மீன் பனை ஏறுமா என்று பின்வந்த அறிஞர் பலர் ஐயுற்றனர். மழைநாளில் அது செவுள் மூடியை ஊன்றித் தரையில் நகர்ந்து ஒரு குட்டையிலிருந்து மற்றொரு குட்டைக்குப் போவதைக் கண்ட நம் உழவருக்கு அதில் அத்துணை வியப்பு இராது.

ஏட்டுப் பெருமையைவிட வயிற்றுக்கு அளித்த துணையே பெரிது. நிலமில்லாத தொழிலாளி நடவு முடித்து வரும் மாலையில் வாய்க்காலில் பறி வைத்துப் பிடித்த கெண்டையும், வரப்போரத்தில் பொறுக்கிய நத்தையும் அவர் வீட்டுக்குக் காசில்லாமல் கிடைத்த கறியாயின. நெசவாளர் வீட்டிலும் இவ்வாறே. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பாவு காயாது. தறிக்குழியில் ஈரம் ஊறும். கூலி குறையும். அந்நாட்களில்தான் வாய்க்காலும் வயலும் ஒன்றாகி மீன் மிகுதியாகக் கிடைக்கும். வருவாய் இல்லாத மாதங்களில் குடும்பத்துக்குப் புரதச் சத்தை அளித்து வந்த இச்செல்வத்துக்கு எந்தக் கணக்கும் எழுதப்படவில்லை. எழுதப்படாததனால் அது அழிந்தபோதும் எவர் கணக்கிலும் நஷ்டம் காட்டவில்லை.

குறைந்தது எவ்வாறு?

மீனின் வழி மறிக்கப்பட்டது இன்று நேற்றன்று. 1836-இல் ஆர்தர் காட்டன் மேலணையையும் கீழணையையும் கொள்ளிடத்தில் கட்டினார். அவற்றால் டெல்டாவின் பாசனம் உறுதிப்பட்டது. அதே சமயம், கடலிலிருந்து ஆற்றுக்கு ஏறி முட்டையிடும் உல்லம் மீனின் பாதையில் சுவர் எழுந்தது. 1934-இல் மேட்டூர் அணை நிறைவுற்றதும் ஆற்றின் வெள்ளம் மனிதன் வகுத்த நாட்களுக்கு உட்பட்டது. இவ்வணைகள் இல்லாமல் நம் நெல் இல்லை. ஆதலின் அவற்றைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. நீரைப் பங்கிடும்போது மீனுக்கென ஒரு பங்கு நினைக்கப்படவில்லை என்பதை மட்டும் குறித்துக்கொள்வோம்.

இரண்டாவது இழப்பு வயலில் நேர்ந்தது. 1960-இல் நாட்டின் தேர்ந்தெடுத்த சில மாவட்டங்களில் தீவிர வேளாண்மைத் திட்டம் தொடங்கப்பெற்றபோது, தஞ்சை மாவட்டம் அவற்றுள் ஒன்றாக இருந்தது. விதையும் உரமும் கடனும் பூச்சி மருந்தும் பெரும்பாலும் கூட்டுறவுச் சங்கங்கள் வழியே உழவரை அடைந்தன. விளைச்சல் பெருகியது. பசிக்கு அஞ்சியிருந்த நாட்டுக்கு அது வேண்டியதாயிருந்தது. ஆயினும் அக்காலத்தில் தெளிக்கப்பட்ட எண்டிரின் போன்ற மருந்துகள் மீனினத்துக்குக் கொடிய நஞ்சு. எண்டிரினுக்கு இந்தியாவில் 1990-இல் தடை வந்தது. மீனுக்கு அதே அளவு தீங்கான எண்டோசல்ஃபானை 2011-இல் உச்ச நீதிமன்றம் தடுத்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் வயலில் இறந்த மீனுக்கு யார் கணக்கு வைத்தார்?

மூன்றாவது இழப்பு அயல் மீன்களால் வந்தது. இன்று எந்தக் குட்டையிலும் காணும் ஜிலேபிக் கெண்டை ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது. 1952-இல் மண்டபத்துக்குக் கொண்டுவரப்பட்டு அங்கிருந்து நாடெங்கும் பரவியது. அது விரைவில் இனம் பெருக்கி, குளத்தைச் சிறு மீன்களால் நிரப்பி, மற்றவற்றின் இரையைக் குறைத்துவிடுகிறது. அதன்பின் வந்த ஆப்பிரிக்கக் கெளுத்தி இன்னும் கேடானது. கிடைத்ததை எல்லாம் தின்று, வெள்ளத்தில் தப்பி ஆற்றுக்கும் போய்விடுவது. அதை வளர்ப்பதற்கு அரசாங்கம் தடை விதித்திருந்தும் மறைவாக வளர்ப்போர் உளர்.

ஏலமும் அதன் விளைவும்

எஞ்சியிருப்பது குளம். அதை நாம் எவ்வாறு ஆள்கிறோம்?

சோழர் காலக் கல்வெட்டுகளில் 'பாசிப்பாட்டம்' என்றொரு வருவாய் குறிக்கப்படுகிறது. நீர்நிலையின் மீன்பிடி உரிமையிலிருந்து வரும் பணம் அது. ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின்னும் ஊராட்சியும் கோயிலும் வெளியிடும் அறிவிப்பில் 'மீன்பாசி ஏலம்' என்ற சொல் நிற்கிறது. குளத்து மீன் பொதுச் சொத்து என்பதும், அதன் பயன் பொதுவுக்கு வர வேண்டும் என்பதும் இச்சொல்லிலேயே அடங்கியுள்ளன. சொல் நின்றது. ஆனால் பயனோ வேறிடம் சென்றது.

பொதுவாக நடப்பது இது. குறித்த நாளில் ஏலம் நடைபெறும். கையில் ரொக்கம் உள்ளவர் கேட்பார். பெரும்பாலும் அவர் மீன் பிடிக்கும் தொழிலாளியாக இரார். வெளியூர் மொத்த வியாபாரியிடம் முன்பணம் பெற்றவராக இருப்பார். குத்தகைக் காலம் குறுகியது. அடுத்த ஆண்டு குளம் தமக்கே கிடைக்கும் என்ற உறுதி அவருக்கு இல்லை. ஆதலின் குளத்தைப் பேணுவதில் அவருக்கு அக்கறை இருக்கக் காரணமும் இல்லை. இட்ட பணத்தை இந்தப் பருவத்திலேயே எடுத்தாக வேண்டும். மீன் விரைவில் பெருக்கக் கோழிக் கழிவைக் கொட்டுவோர் உளர். அந்நீரில் மக்கள் குளிப்பதும் கால்நடை பருகுவதும் அவர் பொறுப்பன்று. பயிருக்குக் கடைசித் தண்ணீர் வேண்டும்போது உழவர் மதகைத் திறக்க விரும்புவர். நீர் இறங்கினால் மீன் போய்விடும் என்று குத்தகைதாரர் மறுப்பார். குத்தகை முடியும் பங்குனி, சித்திரையில் நிலைமை நேர்மாறாகும். அவரே எஞ்சினை வைத்து நீரை அடிவரை இறைத்துக் கடைசி மீனையும் அள்ளுவார். கோடையில் குளம் வறண்டு கிடக்கும். சேற்றில் பதுங்கியிருந்து அடுத்த ஆண்டுக்கு விதையாக வேண்டிய விராலும் தேளியும் அத்தோடு முடிந்துவிடும்.

இதில் குத்தகைதாரர் ஒருவரை மட்டும் பழிப்பது பயனற்றது. குறுகிய காலக் குத்தகையும் மிகுதி கேட்டவருக்கே உரிமை என்ற முறையும் எவரையும் இவ்வாறே நடக்கச் செய்யும். நம் நெசவாளர் அங்கத்தினருக்கு இதை விரித்துரைக்க வேண்டுவதில்லை. நூல் ஒருவர் கையில், சந்தை மற்றொருவர் கையில், முன்பணக் கடன் நெய்பவர் தலையில் என்றிருந்த நிலையை அவர்கள் நன்கு அறிவர். அந்நிலையை மாற்றவே நெசவாளர் சங்கங்கள் தோன்றின. 1955-இல் தொடங்கிய திருபுவனம் பட்டுக் கைத்தறி நெசவாளர் சங்கம் நம் கண்முன் உள்ள சான்று. தறியில் செல்லுபடியாகும் நியாயம் வலையில் மட்டும் செல்லாதோ?

நீரின் விளைச்சல் முழுவதும் பணத்தின் கைக்குப் போனால் என்னாகும் என்பதையும் இம்மண் கண்டுள்ளது. 1990-களில் நாகை மாவட்டக் கடற்கரையோரம் பெரிய நிறுவனங்கள் நெல் வயல்களை வாங்கி இறால் பண்ணைகள் அமைத்தன. உப்புநீர் அண்டை வயல்களிலும் கிணறுகளிலும் கசிந்தது. வேலை இழந்தவர்கள் பெரும்பாலும் நிலமற்ற தொழிலாளரே. சர்வோதயத் தொண்டர் எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 11-இல் தீர்ப்பளித்து, கடலோர ஒழுங்குமுறைப் பகுதியில் அமைந்த இறால் பண்ணைகளை அகற்றுமாறும், பாதிக்கப்பட்டோர்க்கு இழப்பீடு வழங்குமாறும் கட்டளையிட்டது. பின்னர் 2005-இல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் வந்து, பதிவு பெற்ற பண்ணைகளுக்கு வழிவகுத்தது. இறாலால் கிடைக்கும் அந்நியச் செலாவணியை நாம் மறுக்கவில்லை. விளைச்சலின் பயன் ஒருவருக்கும், அதன் கேடு ஊருக்கும் போகும் ஏற்பாட்டையே மறுக்கிறோம்.

ஒரே மனிதர், இரண்டு பணிகள்

கூட்டுறவையும் மீனையும் ஒருங்கே பேசுவது சிலருக்குப் புதுமையாகத் தோன்றலாம். வரலாறு அறிந்தவர்க்கு அவ்வாறு தோன்றாது. சென்னை மாகாணத்தில் கூட்டுறவுக்கு வித்திட்டவர் ஃபிரெடரிக் நிக்கல்சன். ஐரோப்பிய நாடுகளின் கிராமக் கடன் வங்கிகளை ஆராய்ந்து, 1895-லும் 1897-லும் அவர் அளித்த அறிக்கை புகழ்பெற்றது. செர்மனியில் ரைஃபைசன் என்பவர் கண்ட முறையில் அண்டை வீட்டார் ஒருவருக்கொருவர் பொறுப்பேற்கும் சங்கங்களே உழவரைக் கடனிலிருந்து மீட்கும் என்பது அவர் முடிவு. 1904-இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. அவ்வாண்டிலேயே திரூரில் கிராமச் சங்கமும் திருவல்லிக்கேணியில் நகரச் சங்கமும் எழுந்தன.

அதே நிக்கல்சன்தான் ஜப்பான் வரை சென்று மீன்தொழிலை ஆராய்ந்து வந்து, 1907-இல் சென்னை மாகாணத்தில் மீன்வளத் துறை உருவானபோது அதன் முதற் பொறுப்பாளராக ஊதியமின்றிப் பணியாற்றினார். உழவரின் கடனை ஆராய்ந்தவர் மீனவரிடம் வந்தது தற்செயல் அன்று என்றே கொள்ளலாம். வலைக்கும் படகுக்கும் முன்பணம் கொடுத்தவருக்கே மீனை அவர் சொன்ன விலையில் விற்க வேண்டும் என்ற கட்டு, நெல்லுக்கு முன்பணம் வாங்கிய உழவரின் கட்டேயாகும். ஆகவே நாம் புதிதாக ஒன்றும் கேட்கவில்லை. நூறாண்டுக்கு முன் ஒரே மனிதரின் மேசையில் ஒன்றாக இருந்த இரண்டு கோப்புகள் பின்னர் இரு துறைகளுக்குப் பிரிந்து சென்றன. கிராமத்தில் அவற்றை மீண்டும் ஒன்று சேர்க்கக் கேட்கிறோம்.

அறிவு உண்டு, கணக்கும் உண்டு

சங்கத்தால் மீன் வளர்க்க இயலுமா என்று கேட்போர் உளர். ஒரு காலத்தில் இக்கேள்வி நியாயமானதாயிருந்தது. கட்லா, ரோகு, மிருகால் ஆகிய பெருங்கெண்டைகள் ஓடும் ஆற்றில் வெள்ளக் காலத்தில் முட்டையிடுவன. தேங்கிய குளத்தில் இடா. ஆகவே குஞ்சுகளுக்கு ஆற்றையே நம்ப வேண்டியிருந்தது. 1957 ஜூலை 10-இல் ஒடிசாவின் அங்குலில் ஹீராலால் சவுத்ரியும் அலிக்குஞ்ஞியும் மீனின் மூளையடிச் சுரப்பிச் சாற்றை ஊசி மூலம் செலுத்தி, பெருங்கெண்டையைப் பண்ணையிலேயே முட்டையிடச் செய்தனர். அந்நாளையே ஜூலை 10-இல் தேசிய மீன் வளர்ப்போர் நாளாகக் கொண்டாடுகிறோம். அதன் பயனாக இன்று வேண்டிய குஞ்சுகளை மீன்பண்ணைகளில் வாங்கலாம். 2012 முதல் நாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்டு மீன்வளப் பல்கலைக்கழகமும் நம் பகுதியிலேயே இயங்கி வருகிறது.

கட்லா மேல்நீரிலும், ரோகு நடுநீரிலும், மிருகால் அடியிலும் இரை தேடுவன. மூன்றையும் சேர்த்து விட்டால் குளத்தின் எல்லா மட்டமும் பயன்படும். மூன்று மா அளவுள்ள, அதாவது ஓர் ஏக்கர் குளத்தில் சுமார் 2,000 விரலளவு குஞ்சுகள் விடலாம். நான்கு பங்கு கட்லா, மூன்று பங்கு ரோகு, மூன்று பங்கு மிருகால் என்ற விகிதத்தில் முறையே 800, 600, 600 என்று வரும். ஆவணி வாக்கில் குளம் நிரம்பியதும் விட்டால் சித்திரையில் எட்டு மாதம் ஆகும். சாணமும் தவிடும் பிண்ணாக்குமே உணவு. விட்டவற்றில் பாதியே பிழைத்து, ஒவ்வொன்றும் அரைக் கிலோ எடைக்கு வந்தாலும் 500 கிலோ மீன். இக்கணக்கை அங்கத்தினர் தத்தம் ஊர்ச் சந்தை விலையால் பெருக்கி, இப்போது ஊராட்சிக்கு வரும் ஏலத் தொகையோடு ஒப்பிட்டுப் பார்ப்பாராக.

பணத்துக்கும் வழி உண்டு. உழவர் கடன் அட்டை வசதி 2018-19 முதல் மீன் வளர்ப்போருக்கும் விரிவாக்கப்பட்டுள்ளது. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்காக மத்திய அரசாங்கம் 2023-இல் வெளியிட்ட மாதிரித் துணைவிதிகள், அவை மேற்கொள்ளத்தக்க தொழில்களுள் மீன்வளத்தையும் சேர்த்துள்ளன. வழி காட்டப்பட்டுள்ளது. இனி நடக்க வேண்டியவர்கள் நாமே.

நெல்லும் மீனும் பகையல்ல என்பதற்கு அயலிலும் சான்றுகள் உள. சீனத்தின் சிங்தியன் பகுதி உழவர் வழிவழியாக நெல் வயலிலேயே மீன் வளர்த்து வருவதைப் பாராட்டி, ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனம் 2005-இல் அதனை உலக வேளாண் மரபாக அறிவித்தது. கேரளத்தின் பொக்காளி வயல்களில் நெல் அறுத்தபின் அதே நிலத்தில் இறால் வளர்க்கும் வழக்கம் உண்டு. மீன் இருக்கும் வயலில் கண்ட மருந்தையும் தெளிக்க உழவருக்குக் கை வராது. இதுவும் அதன் ஒரு நன்மை.

பெயரளவுச் சங்கம் வேண்டா

இனிக் கசப்பான ஒன்றைக் கூற வேண்டும். சங்கத்துக்குக் குளத்தைக் கொடுத்தால் மட்டும் எல்லாம் சரியாகிவிடும் என்று நாம் சொல்லவில்லை. ஆய்வுப் பணியில் பல ஊர்ப் பதிவேடுகளைப் புரட்டும் நமக்கு ஒரு நோய் நன்கு தெரியும். சங்கத்தின் பெயரில் சலுகைக் குத்தகை எடுத்து, மறுநாளே ஒரு வியாபாரிக்கு உள்குத்தகை விடுவதே அது. தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்துகள் ஒழுங்காக இருக்கும். ரொக்கப் புத்தகத்தில் மீன் விற்ற வரவு ஒரே வரியில் முழுத் தொகையாக இருக்கும். எந்த நாளில் எத்தனை கிலோ, யார் எடை போட்டார், யாருக்கு விற்றது என்ற விவரம் ஒன்றும் இராது. அங்கத்தினரைக் கேட்டால் குளம் யாரிடம் உள்ளது என்பதே பலருக்குத் தெரியாது. அது சங்கமன்று. ஏலம் வேறு சட்டை அணிந்து வந்திருக்கிறது, அவ்வளவே. இதனைத் தணிக்கை மட்டும் தடுத்துவிடாது. கணக்கை வாசலில் நின்று கேட்கும் அங்கத்தினரே தடுக்க முடியும்.

ஆகவே குளத்தைக் கேட்கும் சங்கம் ஐந்து விதிகளைத் தன் துணைவிதியிலேயே எழுதிக்கொள்ள வேண்டும் என்பது நம் கருத்து.

முதலாவது, எந்தப் பெயரிலும் உள்குத்தகை கூடாது. மீறினால் உரிமை தானே ஊராட்சிக்குத் திரும்ப வேண்டும். பதிலாக ஊராட்சியும் ஓராண்டுக்குப் பதில் குறைந்தது மூன்றாண்டு உரிமை அளிக்க வேண்டும். மூன்றாண்டு வைத்திருப்பவரே குளத்தைப் பேணுவார்.

இரண்டாவது, நீர்மட்டம். குளத்தில் ஒரு கல் நட்டுக் குறியிட வேண்டும். பாசனத்துக்காயினும் மீனுக்காயினும் அக்குறிக்குக் கீழ் நீரை இறைத்தல் கூடாது. எஞ்சும் நீர் கால்நடைக்கும், நிலத்தடி ஊற்றுக்கும், நாட்டு மீனின் விதைக்கும் உரியது. மதகு பற்றிய வழக்குகள் உழவரும் மீனவரும் ஒரே பொதுக்குழுவில் அமரும்போது பாதி தீர்ந்துவிடும்.

மூன்றாவது, எடை. மீன் பிடிக்கும் நாளை முன்னறிவித்து, குளக்கரையிலேயே எல்லோர் முன்னிலையிலும் நிறுத்தல் வேண்டும். அன்றைய எடையும் விலையும் அன்று மாலையே சங்கத்தின் பலகையில் எழுதப்பட வேண்டும். ஊருக்குள் முதலில் விற்று, மிஞ்சியதே வெளியூர் செல்ல வேண்டும்.

நான்காவது, பங்கு. வலை வீசும் வேலை பரம்பரையாக அத்தொழில் அறிந்த உள்நாட்டு மீனவர்க்கே முதலில் உரியது. அவர்களைக் கூலியாட்களாக மட்டும் வைத்து மற்றவர் லாபம் பிரித்துக்கொள்வது கூட்டுறவாகாது. பங்குத்தொகை கட்ட இயலாத நிலமற்ற குடும்பத்தார், கூலியில் சிறிது சிறிதாகக் கழித்து அங்கத்தினராக வழி செய்ய வேண்டும். லாபத்தில் ஒரு பகுதி குளத்தைத் தூர் வாரும் நிதிக்குப் போக வேண்டும்.

ஐந்தாவது, நாட்டு மீன். குஞ்சு விடுமுன் குளத்திலுள்ள விராலையும் குறவையையும் அழிக்க இலுப்பைப் பிண்ணாக்கு இடும் வழக்கம் உண்டு. வாய்க்காலோடு இணைந்த ஊர்ப் பொதுக் குளத்தில் இது வேண்டா. வலையைப் பலமுறை இழுத்து அவற்றைக் குறைத்து, விரால் விழுங்க முடியாத அளவுக்கு வளர்ந்த குஞ்சுகளை விட்டால் போதும். பிடிபடும் விராலும் வீணன்று. சந்தையில் கெண்டையைவிட அதற்கே விலை மிகுதி. ஆப்பிரிக்கக் கெளுத்தியை எக்காரணம் பற்றியும் விடக் கூடாது. மேலும், நம் சங்கக் கிடங்குகளில் பூச்சி மருந்து விற்கும்போது மீனுக்கும் நண்டுக்கும் அது செய்யும் கேட்டை விற்பனையாளர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். வேம்பும் விளக்குப் பொறியும் போதுமான இடத்தில் நஞ்சை நாடாதிருக்க அங்கத்தினரும் பழக வேண்டும்.

இனிச் செய்ய வேண்டுவது

இவ்வாறு செய்தால் ஊராட்சியின் வருவாய் குறையுமே என்று சிலர் அஞ்சலாம். முதல் ஓரிரு ஆண்டுகளில் ஏலத் தொகையைவிடக் குத்தகைத் தொகை சிறிது குறையலாம் என்பது உண்மையே. ஆனால் அதற்கு ஈடாகக் குளம் தூர் வாரப்படும், கோடையில் நீர் நிற்கும், ஊராருக்கு மீன் கிடைக்கும், லாபம் ஊரிலேயே சுழலும். இவற்றை ஏலத் தொகையோடு நிறுத்துப் பார்க்கும் பொறுப்பு ஊராட்சி மன்றத்தாருக்கு உண்டு. எல்லாக் குளமும் சங்கத்துக்கு வர வேண்டும் என்றும் நாம் அவசரப்படவில்லை. ஊருக்கு ஒரு குளம், மூன்றாண்டுச் சோதனை, திறந்த கணக்கு. அதில் சங்கம் தோற்றால் ஏலம் மீண்டும் வரட்டும்.

2025-ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் சபை உலகக் கூட்டுறவு ஆண்டாக அறிவித்தது. விழாக்கள் நடந்தன. கொடிகள் ஏற்றப்பட்டன. விழாவினும் பயனுள்ளது ஒரு தீர்மானம். அடுத்த பொதுக்குழுவில் ஒவ்வொரு சங்கமும் மூன்று விவரங்களைக் கேட்டுப் பெறுக. நம் ஊரில் எத்தனை குளங்கள், ஒவ்வொன்றின் மீன்பாசி இப்போது யாரிடம் உள்ளது, அந்தக் குத்தகை எந்த நாளில் முடிகிறது. இம்மூன்றும் கையில் வந்தபின், முடியும் குத்தகைகளுள் ஒன்றைச் சங்கத்துக்குக் கேட்டு ஊராட்சிக்கு மனு எழுதுக. குத்தகைகள் பெரும்பாலும் கோடையில் முடிவன. புதுத் தண்ணீர் வாய்க்காலில் இறங்கியபின் கேட்பதில் பயனில்லை. மாசி, பங்குனியிலேயே மனு ஊராட்சி அலுவலகத்தில் இருக்க வேண்டும்.